ஜூரி சம்மன் வந்திருக்கும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய, வாங்கக் காத்திருக்கும் தமிழ் நண்பர்களுக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் ஊர்த் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். கவுண்டி நீதிமன்றம், அதாவது மாவட்ட நீதிமன்றம் மாதிரி, அனுப்பிய ஜூரி சம்மன். வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுதான் ஜூரி, அதில் உட்கார வரச் சொல்லும் கடிதம் அது. கீழே ஒரு கேள்வி: "இதிலிருந்து எப்படித் தப்பிப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லவும்." ராத்திரி பத்து மணிக்குள் முப்பது பதிலுக்கு மேல் வந்துவிட்டது. இங்கிலீஷ் சரியாக வராது என்று எழுதிக் கொடுங்கள். ஆபீஸில் தலைக்கு மேல் வேலை என்று மேனேஜரிடம் லெட்டர் வாங்குங்கள். ஒரு அண்ணா எழுதியிருந்தார்: "கைது பண்ணியிருந்தா கண்டிப்பா ஏதோ பண்ணியிருப்பான்னு ஜட்ஜ்கிட்ட சொல்லிடுங்க. பத்து நிமிஷத்துல வீட்டுக்கு அனுப்பிடுவாங்க." அந்தப் பதிலுக்குத்தான் நிறைய கட்டைவிரல் விழுந்திருந்தது.

அன்றைக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதினால் கோபத்தில் ஏதாவது வந்துவிடும் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அந்த அண்ணாவை எனக்குத் தெரியும். நல்ல மனிதர். யாருக்காவது ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வேண்டும் என்றால் முதலில் சாவியை எடுப்பவர் அவர்தான். அதனால் இதை அவருக்கும் சேர்த்து, நிதானமாகவே எழுதுகிறேன்.

நான் ஒரு பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகத்தில் பதினோரு வருடமாகப் பாராலீகலாக, அதாவது வக்கீல்களுக்கு உதவியாளராக, வேலை பார்க்கிறேன். வக்கீல் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்களுக்கு அரசுச் செலவில் வாதாடுபவர்தான் பப்ளிக் டிஃபெண்டர். நம் ஊரில் அரசு வக்கீல் என்றால் குற்றம் சாட்டுகிற தரப்பு என்று அர்த்தம் என்பதால், இந்த வேலையைப் பற்றிச் சொன்னாலே பலருக்குக் குழப்பம். என் சித்தப்பா ஒருமுறை போனில் கேட்டார்: "ஏம்மா, திருடனுக்கெல்லாம் வக்காலத்து வாங்கவா அவ்வளவு தூரம் போய்ப் படிச்ச?" அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை. உண்மையிலேயே கவலைப்பட்டுத்தான் கேட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. நம் பேச்சே நம்மை அப்படிப் பழக்கியிருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் நீதிமன்றத்தில் ஏறி நிற்கும் இடத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் குற்றவாளிக் கூண்டு. சாட்சி வாய் திறப்பதற்கு முன்பே அதில் நிற்பவர் குற்றவாளி ஆகிவிடுகிறார். போதாததற்கு, நெருப்பில்லாமல் புகையுமா என்று ஒரு பழமொழி வேறு கைவசம் வைத்திருக்கிறோம்.

அமெரிக்காவில் ஜூரி விசாரணை நடக்கும் அறையில் அந்தக் கூண்டு கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவர் தன் வக்கீலுக்குப் பக்கத்தில், அதே மேசையில், அதே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஜாமீன் கட்ட முடியாமல் ஜெயிலிலிருந்தே அழைத்து வரப்பட்டவர் என்றாலும், ஜெயில் உடுப்போடு ஜூரி முன்னால் உட்காரும்படி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1976-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆரஞ்சு உடுப்பைப் பார்த்தாலே பாதித் தீர்ப்பு மனதில் எழுதப்பட்டுவிடும் என்பது அந்த நீதிபதிகளுக்கும் தெரிந்திருக்கிறது.

அதனால் எங்கள் அலுவலகத்தில் ஒரு துணி அலமாரி உண்டு. யார் யாரோ கொடுத்த கோட்டுகள், சட்டைகள், பெல்ட்டுகள், ஷூக்கள். விசாரணை ஆரம்பிக்கிற நாளுக்கு முன்னால் ஜெயிலுக்குப் போய் அளவு கேட்டுக்கொண்டு வருவேன். கழுத்தளவு தெரியாது என்பார்கள் பாதிப் பேர், கோட்டு போட்டே பழக்கம் இருக்காது. குத்துமதிப்பாகப் பார்த்து எடுத்து, ராத்திரி வீட்டில் அயர்ன் செய்து, காலையில் கொண்டுபோய்க் கொடுப்பேன். டை கட்டத் தெரியாதவர்களுக்கு எங்கள் வக்கீல்கள் கட்டிவிடுவார்கள். கட்டி முடித்ததும் அந்த மனிதர் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார். அந்த ஒரு நிமிடத்தைப் பதினோரு வருடத்தில் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், இன்னும் எனக்கு அது பழகவில்லை.

நீங்கள் ஜூரி நாற்காலியில் உட்கார்ந்தால் பார்க்கப்போவது அந்த அயர்ன் செய்த சட்டையைத்தான். அதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்பது உங்கள் கண்ணில் படாது. அதனால் அதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலை. சனி, ஞாயிறில் கைதானவர்கள் எல்லோரும் அன்றைக்குத்தான் முதல்முறையாக நீதிபதி முன்னால் வருவார்கள். எங்கள் வக்கீல் கையில் இருபது ஃபைல். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வரிசையாக ஆட்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம், அதிகம் போனால் ஐந்து. ஒருநாள் ஓர் இளைஞர், கிடங்கு ஒன்றில் வேலை பார்ப்பவர், கேட்ட முதல் கேள்வி: "ரெண்டு மணி ஷிஃப்ட்டுக்குப் போயிட முடியுமா?" பார்க்கிங்கில் நடந்த ஒரு தள்ளுமுள்ளில் அவர் பெயர் மாட்டியிருந்தது. தான் யாரையும் தொடவில்லை, விலக்கிவிடத்தான் போனேன் என்றார். அந்தக் கடை வாசலில் கேமரா இருக்கிறதா என்று பார்க்க எங்களுக்குக் குறைந்தது ஒரு வாரம் வேண்டும். ஜாமீன் தொகையோ அவர் கையில் இல்லை. அரசுத் தரப்பு ஒரு வழி சொன்னது: இன்றைக்கே குற்றத்தை ஒப்புக்கொண்டால், உள்ளே இருந்த மூன்று நாளே தண்டனை, இப்போதே வீட்டுக்குப் போகலாம். எங்கள் வக்கீல் அவரிடம், அவசரப்படாதீர்கள், இது உங்கள் பெயரில் நிரந்தரமாகப் பதிவாகும் என்று சொன்னார். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். ரெண்டு மணி ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டார்.

எட்டு மாதம் கழித்து அவரே போன் செய்தார். வாடகைக்கு வீடு கிடைக்கவில்லையாம், எங்கே விண்ணப்பித்தாலும் அந்தப் பதிவைக் காட்டி இல்லை என்கிறார்களாம். ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். அந்தக் கேமரா இருந்ததா இல்லையா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இந்த மாதிரி ஒருவருக்கு வக்கீல் கிடைப்பதே ஒரு பெரிய கதை. 1961-ல் ஃப்ளோரிடாவில் பனாமா சிட்டி என்ற ஊரில் ஒரு பூல் விளையாட்டுக் கூடத்தை உடைத்துச் சில்லறைக் காசைத் திருடியதாக கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்பவரைப் பிடித்தார்கள். எனக்கு வக்கீல் வேண்டும், வைத்துக்கொள்ளக் காசில்லை என்று அவர் நீதிபதியிடம் கேட்டார். மரண தண்டனை வழக்குக்குத்தான் எங்கள் மாநிலச் சட்டத்தில் வக்கீல் தர முடியும் என்று சொல்லிவிட்டார் நீதிபதி. கிடியன் தனக்குத் தானே வாதாடினார், தோற்றார், ஐந்து வருடம் போட்டார்கள். சிறைக் காகிதத்தில் பென்சிலால் மனு எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 1963 மார்ச்சில் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்: பெரிய குற்ற வழக்கில் ஏழைக்கு வக்கீல் கொடுப்பது மாநிலத்தின் கடமை.

பெரும்பாலும் கதையை இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்குப் பிடித்தது இதற்கு அப்புறம் நடந்தது. அதே ஊரில், அதே வழக்கு, 1963 ஆகஸ்டில் மறுபடி விசாரணைக்கு வந்தது. இந்த முறை கிடியனுக்குப் பக்கத்தில் டபிள்யூ. ஃப்ரெட் டர்னர் என்ற உள்ளூர் வக்கீல் உட்கார்ந்திருந்தார். கிடியனைக் கூடத்துக்குள் பார்த்ததாகச் சொன்ன சாட்சியிடம், விடியற்காலை நேரத்தில் நீ அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய் என்று குடைந்தார். கிடியனை ஏற்றிச் சென்ற டாக்சிக்காரர், "என்னை ஏத்திட்டுப் போனதை யார்கிட்டயும் சொல்லாதேன்னு அவர் சொன்னார்" என்று முதல் விசாரணையில் சொன்னது கிடியனுக்கு எதிராகப் போயிருந்தது. டர்னர் அதே ஆளிடம், இதற்கு முன்னாலும் அவர் அப்படிச் சொன்னதுண்டா, ஏன் என்று கேட்டார். பல முறை சொல்லியிருக்கிறார், வீட்டில் மனைவியோடு சண்டை என்று பதில் வந்தது. அவ்வளவுதான். ஆறு பேர் கொண்ட ஜூரி ஒரு மணி நேரத்தில் குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. சாட்சிகள் பழையவர்கள்தான், ஊரும் அதேதான். கேட்கத் தெரிந்த ஒரு வக்கீலும், கேட்டதைக் காதில் வாங்கிய ஆறு பேரும் இருந்தார்கள்.

கடமை என்று சொன்ன நீதிமன்றம் காசு எங்கிருந்து வரும் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் ஏதோ செய்கிறது. லூசியானாவில் ஏழைகளின் வக்கீல் செலவில் பெரும்பகுதி நெடுங்காலமாகப் போக்குவரத்து டிக்கெட் அபராதத்திலிருந்தும் நீதிமன்றக் கட்டணத்திலிருந்தும் வந்தது. 2005-ல் கத்ரீனா புயல் அடித்து நியூ ஆர்லியன்ஸ் காலியானதும் வண்டியும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. பப்ளிக் டிஃபெண்டர்களில் பெரும்பாலானவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வக்கீல் முகத்தையே பார்க்காமல் மாதக்கணக்கில் மக்கள் உள்ளே கிடந்தார்கள். 2016-ல் அதே ஊர் அலுவலகம், இதற்கு மேல் பெரிய வழக்குகளை எடுக்க எங்களால் முடியாது என்று கைவிரித்தது. ஓரிகனில் வக்கீல் இல்லாமல் ஜெயிலில் காத்திருந்தவர்கள் தொடுத்த வழக்கில், ஏழு நாளுக்குள் வக்கீல் தராவிட்டால் ஆளை வெளியே விட வேண்டும் என்று 2024-ல் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

வேலைப் பளுவையும் ஒரு கணக்காகச் சொல்லிவிடுகிறேன், நம்மவர்களுக்குக் கணக்கு பிடிக்கும். ஒரு வக்கீல் வருடத்துக்கு 150 பெரிய குற்ற வழக்கு, அல்லது 400 சிறு குற்ற வழக்கு பார்க்கலாம் என்று 1973-ல் ஓர் அளவு வைத்தார்கள். ஐம்பது வருடம் அதுதான் வேதவாக்கு. 2023-ல் வந்த ஆய்வு, மிகச் சாதாரணமான சிறு குற்ற வழக்கை ஒழுங்காகப் பார்க்கவே 13.8 மணி நேரம் வேண்டும் என்கிறது. வாரத்துக்கு நாற்பது மணி நேரம் என்று ஒருநாள்கூட லீவு போடாமல் உழைத்தால் வருடத்துக்கு 2,080 மணி நேரம். வகுத்துப் பாருங்கள், 150 வழக்குதான் வரும். 400 என்று எழுதி வைத்தவர்களுக்கு, மீதி 250 பேருக்கு எங்கிருந்து நேரம் வரும் என்ற கேள்வி வரவில்லை.

இப்படி நேரமும் காசும் இல்லாத இடத்தில் வழக்குகள் எப்படி முடிகின்றன? பேரத்தில் முடிகின்றன. மத்திய நீதிமன்றங்களில் குற்றத் தீர்ப்புகளில் 97 சதவீதமும், மாநில நீதிமன்றங்களில் 94 சதவீதமும் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வந்தவை என்று 2012-ல் உச்ச நீதிமன்றமே எழுதியது. ப்ளீ டீல் என்கிறோமே, அதுதான். ஒப்புக்கொண்டால் குறைந்த தண்டனை, விசாரணைக்குப் போய்த் தோற்றால் பெரிய தண்டனை. எவ்வளவு பெரியது என்பதற்கு எல்லை உண்டா என்று கேட்டால், பால் ஹேயஸ் வழக்கைச் சொல்வேன். கென்டக்கியில் 88 டாலர் 30 சென்ட் போலி காசோலை. ஒப்புக்கொண்டால் ஐந்து வருடம் கேட்கிறேன், இல்லையென்றால் பழைய குற்றங்களையும் சேர்த்து ஆயுள் தண்டனை வருகிற பிரிவில் போடுவேன் என்றார் அரசு வழக்கறிஞர். ஹேயஸ் ஒப்புக்கொள்ளவில்லை. சொன்னபடியே ஆயுள் தண்டனை வந்தது. 1978-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், இது பேரத்தின் ஒரு பகுதிதான், தப்பில்லை என்று விட்டுவிட்டது. அந்தத் தீர்ப்பை முதலில் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை எனக்கு ராத்திரியில் தமிழில் போன் வரும். "அக்கா, பையன் கடையில ஏதோ எடுத்துட்டான்னு பிடிச்சிட்டாங்க." "தம்பி ஒரு பார்ட்டிக்குப் போயிட்டு வண்டி ஓட்டிட்டான்." சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: வம்பு வேண்டாம், ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டுச் சீக்கிரம் முடித்துவிட்டு வா. கிரீன் கார்டிலோ விசாவிலோ இருப்பவருக்கு அந்தச் "சீக்கிரம்" நாடு கடத்தல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகலாம். ஹோண்டுராஸில் பிறந்து, நாற்பது வருடத்துக்கு மேல் அமெரிக்காவில் கிரீன் கார்டோடு இருந்து, வியட்நாம் போரில் இந்த நாட்டு ராணுவத்தில் சேவை செய்த ஹோசே படீயாவுக்கு அதுதான் நேர்ந்தது. கஞ்சா கடத்திய வழக்கு. இவ்வளவு காலம் இங்கே இருந்துவிட்டாய், குடிவரவு விஷயத்தைப் பற்றிக் கவலைப்படாதே என்று அவர் வக்கீல் சொன்னார். நம்பி ஒப்புக்கொண்டார். நாடு கடத்தும் நிலைமை வந்தது. அப்படித் தப்பாகச் சொல்வது வக்கீல் கடமையில் தவறியதாகும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதனால், உங்கள் வீட்டில் யாராவது மாட்டினால் எதிலும் கையெழுத்துப் போடும் முன் குடிவரவுச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சம்மனைப் பற்றி எழுத வந்த இடத்தில் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

சரி, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பேரத்திலேயே முடிகிறது என்றால் ஜூரி நாற்காலிக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். அந்த மதிப்பைத்தான் நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன். எங்கள் வக்கீலும், அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் மாவட்ட வழக்கறிஞரின் (டி.ஏ.) அலுவலக வக்கீலும் வராந்தாவில் நின்று பேரம் பேசும்போது இரண்டு பேர் மனதிலும் ஒரே கேள்விதான் ஓடும்: இந்த ஊர் ஜூரி முன்னால் இந்த வழக்கு போனால் என்ன ஆகும்? போலீஸ் சொல்வதையும் மற்ற சாட்சியைப் போலவே எடை போட்டுப் பார்க்கிற பன்னிரண்டு பேர் கிடைப்பார்கள் என்றால், பலவீனமான வழக்கை டி.ஏ. தரப்பே இறக்கிக் கொடுக்கும், சில சமயம் கைவிட்டும் விடும். பிடித்திருந்தால் ஏதோ செய்திருப்பான் என்று நினைப்பவர்கள்தான் உட்கார்வார்கள் என்றால், எங்கள் ஆள் செய்யாததையும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுவார். நீங்கள் உட்காராத நாற்காலி, நீங்கள் பார்த்தே இராத அந்தக் கிடங்குத் தொழிலாளியின் பேரத்தையும் பாதிக்கிறது.

ஜூரியில் யார் யார் உட்காருவது என்று கேள்வி கேட்டு ஆட்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அப்படி ஒரு ஜூரித் தேர்வை நான் மறக்கமாட்டேன். மூன்று வருடம் இருக்கும். அறுபது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பதினேழாவது ஆளாக நம்மவர் ஒருவர். முகத்தைப் பார்த்ததுமே எனக்குள் ஒரு சந்தோஷம், நம் ஆள் வந்திருக்கிறார் என்று. நீதிபதி கேட்டார்: குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதி என்று எடுத்துக்கொண்டு விசாரணையை ஆரம்பிக்க உங்களால் முடியுமா? அவர் எழுந்து நின்று, காரணம் இல்லாமல் போலீஸ் யாரையும் பிடிக்காது, என்னால் முடியாது என்றார். மனப்பாடம் செய்த மாதிரி ஒரே மூச்சில் வந்தது. நீதிபதி நன்றி சொல்லி அனுப்பினார். எங்கள் மேசையில், நான் முந்தின ராத்திரி அயர்ன் செய்த நீலச் சட்டையில் உட்கார்ந்திருந்தவர் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சநேரம் கழித்து நான் வராந்தாவுக்கு வந்தபோது நம்மவர் தமிழில் போன் பேசிக்கொண்டிருந்தார். "முடிஞ்சிடுச்சு, நீ சொன்ன மாதிரியே சொன்னேன், லஞ்சுக்கு வீட்டுக்கு வந்துடுவேன்." நான் அவரைத் தாண்டிப் போய்விட்டேன். ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும் என்று இன்றும் தோன்றுகிறது.

ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், அந்த நாற்காலிக்காக எத்தனை பேர் எத்தனை காலம் போராடியிருக்கிறார்கள் என்று தெரிந்ததால்தான். கறுப்பினத்தவரை ஜூரியிலிருந்து சட்டம் போட்டு விலக்கக் கூடாது என்று 1880-லேயே தீர்ப்பு வந்தது. சட்டம் போனது, வழக்கம் போகவில்லை. தேர்வின்போது காரணம் சொல்லாமலே சிலரை நீக்குவதற்கு இரு தரப்புக்கும் உரிமை உண்டு, அதை வைத்து நீக்கினார்கள். 1986-ல்தான், இனத்தைப் பார்த்து நீக்கக் கூடாது, சந்தேகம் வந்தால் காரணம் சொல்ல வேண்டும் என்ற விதி வந்தது. அதற்கும் பின்னால் மிசிசிப்பியில் கர்டிஸ் ஃப்ளவர்ஸ் என்ற கறுப்பினத்தவரின் வழக்கு. வினோனா என்ற சிற்றூரில் 1996-ல் ஒரு கடையில் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் அவரை ஒரே அரசு வழக்கறிஞர் ஆறு முறை விசாரணைக்கு நிறுத்தினார். முதல் நான்கு விசாரணைகளில் நீக்க வாய்ப்பிருந்த கறுப்பினத்தவர் 36 பேரையும் நீக்கப் பார்த்தார். ஆறாவது விசாரணையில், நீக்கப்பட்ட ஐந்து கறுப்பினத்தவரிடம் அரசுத் தரப்பு கேட்டது மொத்தம் 145 கேள்விகள். இடம் கிடைத்த பதினோரு வெள்ளையரிடம் மொத்தமாகப் பன்னிரண்டு. அந்த விசாரணையில் அவரைக் குற்றவாளி என்று சொன்ன தீர்ப்பை 2019-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, 2020-ல் வழக்கே கைவிடப்பட்டது. அதற்குள் இருபது வருடத்துக்கு மேல் அவர் உள்ளே இருந்துவிட்டார்.

உட்காருகிறேன் என்று வந்தவர்களை 145 கேள்வி கேட்டு எழுப்பிவிட்டார்கள். நம்மை யாரும் எழுப்பவில்லை, நாமே எழுந்து போகிறோம்.

நம் ஆட்களுக்கும் இந்த நாற்காலி சும்மா கிடைக்கவில்லை. 1923-ல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், எனவே குடியுரிமை பெற முடியாது என்று இதே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏற்கெனவே வாங்கியிருந்த சிலரிடமிருந்துகூடப் பறித்தார்கள். 1946-ல்தான் அந்தக் கதவு திறந்தது. குடிமகனுக்கு மட்டும்தான் ஜூரியில் இடம் என்பதால், அதுவரை இந்தியாவிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் இங்கே குற்றம் சாட்டப்பட்டு மேசையின் இந்தப் பக்கம் உட்காரலாம், தீர்ப்புச் சொல்லும் பக்கம் உட்கார முடியாது. இந்தியாவிலும் ஜூரி முறை போய் அரை நூற்றாண்டு ஆகிவிட்டதால், நம்மில் பெரும்பாலோருக்கு வீட்டில் இதைப் பற்றிச் சொல்லித்தரப் பெரியவர்கள் யாரும் இல்லை. உங்களுக்கு வந்திருக்கும் அந்தக் கடிதம் உங்கள் பரம்பரையிலேயே முதல் சம்மனாக இருக்கலாம்.

ஒருத்தர் போய் என்ன ஆகிவிடப் போகிறது என்றும் குழுவில் ஒரு அக்கா எழுதியிருந்தார். லூசியானாவில் 1898-ல் அரசியல் சாசனம் எழுதியவர்களுக்கு அந்த ஒருத்தரைப் பற்றி நன்றாகத் தெரிந்திருந்தது. கறுப்பினத்தவர் ஒன்றிரண்டு பேர் எப்படியாவது ஜூரிக்குள் வந்துவிடுவார்கள் என்று பார்த்தார்கள். அவர்கள் பேச்சு எடுபடாமல் இருக்க, பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் ஒத்துக்கொண்டால் போதும் என்று மாற்றினார்கள். பிறகு அது பத்து ஆனது. ஓரிகனிலும் பத்துப் பேர் போதும் என்று விதி இருந்தது. 2020 ஏப்ரலில்தான், பெரிய குற்றத்துக்குத் தண்டிக்க வேண்டும் என்றால் ஜூரியில் எல்லோரும் ஒருமனதாகச் சொல்ல வேண்டும், அது எல்லா மாநிலத்துக்கும் பொருந்தும் என்று தீர்ப்பு வந்தது. இன்றைக்கு அந்த அறையில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், மற்ற பதினோரு பேரும் மறுபடி உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்களை விடுதலை செய்யச் சொல்லி நான் கேட்கவில்லை. வீடு உடைத்துத் திருடப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் நம் ஊரில் உண்டு. தாலிக்கொடியையும் பாட்டி கொடுத்த வளையலையும் தொலைத்துவிட்டு அந்த அம்மா அழுததை நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். குற்றம் நிரூபிக்கப்பட்டால் குற்றவாளி என்று சொல்லுங்கள். நிரூபிக்கப்பட்டதா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். தப்பான ஆளைப் பிடித்து உள்ளே போட்டால் அந்த வளையலை எடுத்தவன் வெளியேதான் சுற்றிக்கொண்டிருப்பான். 1989-லிருந்து இதுவரை, தண்டிக்கப்பட்டு அப்புறம் நிரபராதி என்று விடுவிக்கப்பட்டவர்கள் 3,500 பேருக்கு மேல் இந்த நாட்டில் பதிவாகியிருக்கிறார்கள்.

நடைமுறைச் சங்கடங்கள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. கலிபோர்னியாவில் இரண்டாம் நாளிலிருந்து நாளுக்கு 15 டாலர் தருவார்கள், மத்திய நீதிமன்றத்தில் 50. மணிக்கூலிக்கு வேலை பார்ப்பவருக்கு அது அடுப்பெரிக்கக் காணாது. ஜூரி வரிசையில் ஏழைகள் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் நம் குழுவில் இருப்பவர்களில் பலருக்கு ஜூரி டூட்டி நாட்களுக்கும் கம்பெனி சம்பளம் தருகிறது. உங்கள் எச்.ஆரிடம் கேட்டுப் பாருங்கள். பிரசவம், ஆபரேஷன், ஊரிலிருந்து அம்மா அப்பா வருகிறார்கள் என்றால் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்கலாம், பெரும்பாலும் கொடுப்பார்கள். கிரீன் கார்டில் இருப்பவர்கள் குடிமகன் இல்லை என்ற கட்டத்தில் டிக் செய்து அனுப்பிவிடுங்கள். குடிமகன் என்று தப்பாக டிக் செய்தால் பின்னால் பெரிய சிக்கல் வரும். இங்கிலீஷ் வராது என்று எழுதச் சொன்ன தம்பிக்கு: தினமும் நாலு மீட்டிங் இங்கிலீஷில் நடத்துகிறீர்கள், அந்த இங்கிலீஷ் தாராளமாகப் போதும்.

அப்புறம், டி.ஏ. பெரும்பாலான மாநிலங்களில் தேர்தலில் நின்று வருபவர். வாக்குச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பெயர்களையும் படித்துவிட்டு வாக்குப் போடுங்கள். கவுண்டி பட்ஜெட் கூட்டத்தில் பப்ளிக் டிஃபெண்டருக்கு எவ்வளவு, டி.ஏ.வுக்கு எவ்வளவு என்று ஒருவர் எழுந்து கேட்டாலே போதும், அடுத்த வருடம் அவர்கள் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு வருவார்கள்.

நீதிபதி கேள்வி கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். பிடித்திருந்தால் ஏதோ செய்திருப்பான் என்று உண்மையிலேயே தோன்றினால் அதையும் சொல்லலாம், அதற்காகத்தான் கேட்கிறார்கள். வீட்டுக்குப் போவதற்காக அதைச் சொல்லாதீர்கள். சொல்வதற்கு முன் அந்த மேசைப் பக்கம் ஒருமுறை திரும்பி, அங்கே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பாருங்கள். அவருக்கும் நீங்கள் சொல்வது காதில் விழும்.

வருகிற திங்கட்கிழமை எங்கள் கவுண்டியில் இன்னொரு ஜூரித் தேர்வு. நேற்று ஜெயிலுக்குப் போய் அளவு கேட்டேன், நடுத்தர உயரம், கழுத்தளவு தெரியவில்லை என்றார். அலமாரியில் ஒரு சாம்பல் நிறக் கோட்டு பொருந்தும் போலிருக்கிறது. சட்டைக்கு ஒரு பொத்தான் தைக்க வேண்டும், அதை இன்று ராத்திரி தைத்துவிடுவேன். குழுவில் படம் போட்டவரே, உங்கள் சம்மனிலும் அதே திங்கட்கிழமை, காலை எட்டு மணி என்றுதான் போட்டிருந்தது. கீழ்த்தளத்தில் பார்க்கிங் இலவசம். ஏசி அதிகமாக இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊரில் இருக்கும் ஒரு பாராலீகல்